பிணை நின்றவரின் கையெழுத்து

வாசகர் கேள்வி – பதில்

2022 ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறியிருக்கிறது. முன்னர் காணி எல்லை, சீதனம், வாடகை வீடு என்று எழுதியவர்கள், இப்போது வெளிநாடு சென்றவர்கள் இங்கே விட்டுச் சென்ற கடனைப் பற்றி எழுதுகிறார்கள். புறப்படவிருப்பவர்களும் எழுதுகிறார்கள், போய்ச் சேர்ந்தவர்களும் எழுதுகிறார்கள். அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இங்கே சொல்வது பொதுவான விளக்கம் மட்டுமே. கையிலுள்ள பத்திரத்தை ஒரு சட்டத்தரணியிடம் நேரில் காட்ட வேண்டிய தேவை அப்படியேதான் இருக்கிறது.

*

நான் ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு அடுத்த மேசையில் இருந்த நண்பர் 2021 இல் வங்கியில் 12 இலட்சம் ரூபா தனிநபர் கடன் எடுத்தபோது, நானும் இன்னொருவரும் பிணை நின்றோம். 2023 இல் அவர் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். போன பிறகு நான்கு மாதம் ஒழுங்காகக் கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். என் இலக்கத்தை வட்ஸ்அப்பில் தடுத்து வைத்திருக்கிறார். பேஸ்புக்கில் மட்டும் அவருடைய புதிய வீட்டின் படங்கள் வருகின்றன. இப்போது வங்கியின் சட்டத்தரணியிடமிருந்து எனக்குக் கோரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடனில் ஒரு சதத்தைக்கூட நான் தொடவில்லை. நான் ஏன் கட்ட வேண்டும்? அவருடைய தாயார் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்கலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாயார் பத்திரத்தில் கையெழுத்திடாதவரை, மகனின் கடனுக்கு அவர் ஒரு சதமும் பொறுப்பல்ல. மகனின் புதிய முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் அவரிடம் மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. படலையில் நின்று சத்தமிடுவதால் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. பொலிஸில் உங்களுக்கு எதிராக ஒரு முறைப்பாடு பதிவாவதற்கு மாத்திரம் அது வழி செய்யும்.

இனி, நீங்கள் எதில் கையெழுத்திட்டீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பிணைப் பத்திரம் எப்படிக் கையெழுத்தாகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தேநீர் இடைவேளையில், ஆங்கிலத்தில் நெருக்கமாக அச்சிட்ட நான்கைந்து தாள்களை நண்பர் கொண்டுவந்து வைப்பார். கையெழுத்திட வேண்டிய இடங்களில் வங்கி உத்தியோகத்தர் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டிருப்பார். நாமும் அந்தக் குறிகளைத் தேடித் தேடிக் கையெழுத்து வைத்துவிட்டுத் தேநீரைக் குடிப்போம். அந்தத் தாள்களில்தான் உங்கள் வினாவுக்கான விடை இருக்கிறது. இலங்கையில் இவ்விடயத்தை ஆளும் ரோமன்-டச்சுச் சட்டம் பிணையாளிக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. 'முதலில் கடன்பட்டவரின் சொத்திலிருந்து அறவிடுங்கள், போதாவிட்டால் என்னிடம் வாருங்கள்' என்று சொல்லும் உரிமை ஒன்று. பிணையாளிகள் பலர் இருந்தால் கடனைப் பங்கிட்டுக் கேட்குமாறு சொல்லும் உரிமை இன்னொன்று. நம் வங்கிகளின் அச்சுப் படிவங்களில் இவ்விரு உரிமைகளையும் பிணையாளி விட்டுக்கொடுப்பதாக ஒரு பந்தி சாதாரணமாகவே இடம்பெறும். எனவே பிணைப் பத்திரத்தின் பிரதியை எழுத்தில் கேட்டுப் பெற்று, அந்தப் பந்தி இருக்கிறதா என்பதை ஒரு சட்டத்தரணியைக் கொண்டு வாசிப்பியுங்கள். பந்தி இருக்குமானால், பணத்தைத் தொடவில்லை என்ற உங்கள் வாதம் நியாயமானதுதான். ஆனால் நீதிமன்றத்தில் அது செல்லாது.

வங்கி உங்களைத் தேடி வருவதற்குக் காரணம் உங்கள் மீதுள்ள கோபம் அன்று. நண்பர் ரொறன்ரோவில் இருக்கிறார். நீங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். மாதம் முடிந்தால் உங்களுக்குச் சம்பளம் வருகிறது. கடன் கொடுத்தவர் கைக்கு எட்டுபவரிடம்தான் முதலில் வருவார். 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வங்கிகளுக்குச் சாதாரண வழக்கைவிட விரைவான பாதையைத் திறந்திருக்கிறது. வங்கி தன் ஆவணங்களையும் சத்தியக்கடதாசியையும் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அவற்றை வைத்தே முதற்கட்டக் கட்டளையைப் பெற்றுவிடலாம். அதற்கு எதிராக நீங்கள் பேசுவதற்கே நீதிமன்றின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் பெரும்பாலும் பணத்தை வைப்பிலிட வேண்டும் அல்லது பிணை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வரும். கடனாளியையும் பிணையாளிகளையும் ஒரே வழக்கில் பிரதிவாதிகளாக்குவதே வழமை. ஆகவே புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் அதை அலுமாரியில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு நேர்த்தி வைப்பதில் பயனில்லை.

அழைப்பாணை இன்னும் வரவில்லை, கோரிக்கைக் கடிதம் மட்டுமே வந்திருக்கிறது என்பது உங்களுக்குச் சாதகமான நிலை. வங்கிக் கிளைக்கு நேரில் போய், மற்றப் பிணையாளியையும் கூட்டிக்கொண்டு போய், கடன் கணக்கின் முழுக் கூற்றையும் கேளுங்கள். மூலதனம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்டவட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கடன் எடுத்தவர் நாட்டில் இல்லை, நாங்கள் கட்டத் தயார், ஆனால் தண்டவட்டியை நீக்கித் தவணைகளை நீட்டித் தாருங்கள் என்று எழுத்தில் கேட்கும் பிணையாளிகளோடு வங்கிகள் பேசவே விரும்புகின்றன. வழக்குச் செலவு அவர்களுக்கும் செலவுதான். கிளை முகாமையாளர் முகம் கொடுக்காவிட்டால், வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும், அதன் பிறகு இலங்கை மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கும் எழுதலாம். அத்திணைக்களத்தின் தொலைபேசி இலக்கம் 1935.

இதோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், பேச்சில் நாம் 'கிரிப்' என்று சொல்வதில், நீங்கள் எடுத்த கடன்கள் மட்டுமல்ல, நீங்கள் பிணை நின்ற கடன்களும் பதிவாகின்றன. நாளை மகளின் படிப்புக்கோ வீட்டுக்கோ நீங்கள் கடன் கேட்டுப் போகும்போது, நண்பர் தவறவிட்ட தவணைகள் உங்கள் பெயருக்குக் கீழே வந்து நிற்கும். அங்கே 'கறுப்புப் பட்டியல்' என்று ஒன்று இல்லை. இருப்பது தகவல் மட்டுமே. அதைப் பார்த்து முடிவெடுப்பது நீங்கள் கடன் கேட்கும் வங்கி. எவரும் தம் அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறலாம்; பிணை நின்ற எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறையாவது அதைப் பார்ப்பது நல்லது.

கட்டிய பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? முடியும், அதற்கான வேலையைப் பணம் கட்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். கடன்பட்டவருக்கு எதிராக வங்கிக்கு உள்ள உரிமைகளை உங்கள் பெயருக்கு மாற்றித் தருமாறு, பணம் செலுத்துவதற்கு முன் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு பற்றுச்சீட்டும் உங்கள் பெயரில், 'பிணையாளி செலுத்தியது' என்ற குறிப்போடு இருக்க வேண்டும். உங்கள் பங்குக்கு மேல் கட்டியதை மற்றப் பிணையாளியிடமும், கட்டியது அனைத்தையும் நண்பரிடமும் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. அவருக்கு இங்கே காணியோ வாகனமோ வங்கிக் கணக்கோ இருந்தால், கொழும்பில் தீர்ப்புப் பெற்று அவற்றின் மீது நிறைவேற்றலாம். எதுவும் இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பை ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அங்குள்ள நீதிமன்றம், தீர்ப்பளித்த நாட்டோடு வழக்குக்கு உண்மையான, கணிசமான தொடர்பு இருந்ததா என்பதை முதலில் பார்க்கும். கொழும்பில் வசித்தவர் கொழும்பு வங்கியில் எடுத்த கடனுக்கு அந்தத் தொடர்பைக் காட்டுவது கடினமன்று. ஆனால் அங்கே சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டியது கனேடிய டொலரில். ஒரு அமெரிக்க டொலர் 300 ரூபா என்று கொண்டால் 12 இலட்சம் ரூபா 4,000 அமெரிக்க டொலர். அந்தத் தொகைக்காக அங்கே முழு வழக்கு நடத்துவது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும். அங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடமிருந்து போகும் ஒரேயொரு கடிதமே, பேஸ்புக்கில் வீட்டுப் படம் போடுபவரைப் பேச வைக்கப் போதுமாயிருந்த சந்தர்ப்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

பிணை நிற்க மறுப்பது நட்பை அவமதிப்பது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடன் நிலுவையில் இருக்கும்போது விமானம் ஏறுபவர், பிணையாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி, இங்குள்ள ஒரு கணக்கிலிருந்து தவணை தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போவதுதான் நட்பு.

*

எனக்கு அவுஸ்திரேலியாவுக்குத் திறன்சார் விசா கிடைத்திருக்கிறது. இரண்டு கடனட்டைகளில் மொத்தம் 6 இலட்சம் ரூபா நிலுவை உண்டு. லீசிங்கில் எடுத்த காரும் உண்டு. கட்டுநாயக்கவில் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். 'விட்டுவிட்டுப் போ, யார் மெல்பேர்ன் வரை துரத்தப் போகிறார்கள்?' என்று மற்றொரு நண்பர் சொல்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், கொட்டாஞ்சேனை

இருவர் சொல்வதும் பாதிதான் சரி.

கட்டுநாயக்கவில் உங்கள் கடவுச்சீட்டைப் பார்க்கும் குடிவரவு உத்தியோகத்தருக்கு உங்கள் கடனட்டை நிலுவை தெரியாது. வங்கி தானாகவே யாரையும் அங்கே நிறுத்தி வைக்கவும் முடியாது. ஒருவரைத் தடுப்பது நீதிமன்றக் கட்டளை மட்டுமே. அந்தக் கட்டளை இரண்டு வழிகளில் வரலாம். முதலாவது, கடன் வழக்குத் தொடுத்தவர், பிரதிவாதி நாட்டைவிட்டு வெளியேறப் போகிறார் என்று மாவட்ட நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால், தீர்ப்புக்கு முன்பே அவரை அழைத்துப் பிணை கேட்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இடமுண்டு. இரண்டாவது, விடயம் குற்றவியல் வழக்காக மாறுவது. கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது மேலே சொன்ன 1990 ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழேயே குற்றம். ஒரு வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கடனட்டையில் நிலுவை இருப்பது தன்னளவில் குற்றமன்று. ஆனால் திருப்பிக் கட்டும் எண்ணமே இல்லாமல், பயணச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி வாரத்தில் அட்டையின் எல்லை வரை நகையும் மடிக்கணினியும் வாங்குபவரின் செயலை, வங்கி 'ஏமாற்றுதல்' என்று வாதிட இடமிருக்கிறது. 'நாட்டைவிட்டுப் போகிறவன் அட்டையை ஏன் மிச்சம் வைக்க வேண்டும்' என்று பகிடியாகச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விசாவைப் பற்றி: அவுஸ்திரேலிய விசா நிபந்தனைகளில் கடன் குறித்து ஒரு வாசகம் உண்டு, அது அவுஸ்திரேலியப் பொதுநலவாய அரசுக்குச் செலுத்த வேண்டிய கடனைக் குறிப்பது. கொழும்பு வங்கியில் உள்ள நிலுவை அதற்குள் அடங்காது. அந்தப் பயம் வேண்டாம்.

இரண்டாவது நண்பரின் கணக்கைப் பார்ப்போம். 2022 மார்ச்சுக்கு முன் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அப்போது 6 இலட்சம் என்பது 3,000 டொலர். 300 ரூபாவுக்குக் கணக்கிட்டால் அதே தொகை 2,000 டொலர்தான். ரூபாவில் கடன்பட்டு வெளிநாட்டு நாணயத்தில் உழைக்கப் போகும் உங்களுக்கு இது வாய்ப்பான நிலை. ஆனால் கடனட்டை வட்டியோ வேறு திசையில் ஓடுகிறது. மாதம் 2 சதவீதம் என்று வைத்துக் கூட்டுவட்டி போட்டுப் பாருங்கள். 36 மாதங்களில் 6 இலட்சம் 12 இலட்சத்தையும் தாண்டிவிடும். பிந்திய கட்டணங்களை நான் சேர்க்கவே இல்லை. மெல்பேர்னில் வேலை கிடைத்து, வாடகைக்கு முற்பணம் கட்டி, கார் வாங்கி, 'இனி அந்தக் கடனைப் பார்ப்போம்' என்று நீங்கள் திரும்பும்போது அது இரட்டிப்பாகியிருக்கும்.

ஆகவே புறப்படும் முன் அட்டைகளை நிறுத்தச் சொல்லி, நிலுவையைத் தவணைக் கடனாக மாற்றித் தருமாறு வங்கியிடம் கேளுங்கள். நிரந்தரமாகக் குடிபெயர்வோர் ஊழியர் சேமலாப நிதியை 55 வயது வரை காத்திராமல் மீளப் பெறலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவது, அதை அப்படியே பயணச் செலவில் கரைப்பதைவிட நல்லது என்பது என் அபிப்பிராயம். மெல்பேர்ன் முகவரியையும் மின்னஞ்சலையும் வங்கிக்குக் கொடுங்கள். மறைந்து போகிறவர் என்ற எண்ணம் வங்கிக்கு வந்த பிறகு சலுகை பேசுவது கடினம்.

காரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லீசிங் முடியும் வரை காரின் முழு உரிமை நிதி நிறுவனத்துடையது. 'மச்சான், நீ ஓடிக்கொண்டு தவணையைக் கட்டு' என்று நண்பரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவது கொழும்பில் தினமும் நடக்கிறது. அவர் மூன்று மாதம் கட்டாவிட்டால் காரை சீஸ் பண்ணி ஏலம் விடுவார்கள். ஏலத்தில் குறைந்த தொகைக்கும் நீங்களும் உங்கள் பிணையாளிகளும்தான் பொறுப்பு. விபத்து நடந்தால் அதுவும் உங்களைத் தேடி வரும். நிறுவனத்தின் எழுத்து மூலச் சம்மதத்தோடு லீசிங்கை நண்பரின் பெயருக்கு மாற்றுங்கள். அல்லது காரை விற்றுக் கணக்கை முடியுங்கள். இந்த வேலைகள் இழுபடும் என்றால், உங்கள் சகோதரிக்கோ நம்பிக்கையான ஒருவருக்கோ உங்களுக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அதில் எந்த வங்கி, எந்தக் கணக்கு, என்ன செய்யலாம் என்று குறிப்பாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

*

துபாயில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். கொரோனாக் காலத்தில் வேலை போனதால் 2020 இல் திரும்பி வந்தேன். வங்கிக் கடனும் அட்டையுமாக ஏறத்தாழ 30,000 திர்ஹம் கட்டவில்லை. கடன் எடுத்தபோது வெற்றுக் காசோலை ஒன்றும் கொடுத்திருந்தேன். சில மாதங்களாகக் கொழும்பிலிருந்தே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 'இன்டர்போல் தேடுகிறது' என்று என் மனைவியை மிரட்டுகிறார். இப்போது தோஹாவில் ஒரு வேலை வந்திருக்கிறது. போகலாமா?
— வாசகர், மட்டக்குளி

இன்டர்போலைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். தனியாருக்கிடையிலான பிணக்குகளிலிருந்து எழும் விடயங்களுக்கு, ஒருவரைத் தேடிக் கைது செய்யக் கேட்கும் சிவப்பு அறிவித்தல் வெளியிடுவதில்லை என்பது அந்த அமைப்பின் சொந்த விதி. துபாய் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்காக இலங்கைப் பொலிஸார் உங்களைக் கைது செய்யப் போவதும் இல்லை. அழைப்பவரிடம், அவர் எந்த நிறுவனம், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம் எங்கே என்று கேட்டு, மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வியோடு பலர் அடங்கிவிடுவார்கள். மனைவியை மிரட்டினால் திகதி, நேரம், இலக்கம் எல்லாவற்றையும் குறித்து வைத்துப் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். ஐக்கிய அரபு இராச்சியத்தில் பணமில்லாமல் திரும்பும் காசோலை முன்னர் நேரடியாகச் சிறைக்குக் கொண்டுபோகும் விடயமாக இருந்தது. 2022 ஜனவரி 2 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மோசடி நோக்கம் போன்ற சில சந்தர்ப்பங்களைத் தவிர அது குற்றமாகக் கருதப்படுவதில்லை. அதேவேளை, திரும்பிய காசோலையை எடுத்துக்கொண்டு வங்கி நேரே, பணத்தை அறவிடக் கட்டளையிடும் நிறைவேற்று நீதிபதியிடம் போகலாம் என்றாகிவிட்டது. வழக்கு நடத்திக் கடனை நிரூபிக்க வேண்டிய சுற்று வழி இல்லை. கடன் 10,000 திர்ஹமுக்குக் குறையாதவிடத்து பயணத் தடை கேட்கவும் முடியும். உங்களுடையது அதன் மூன்று மடங்கு. ஆகவே நீங்கள் துபாயில் இறங்கினால் உள்ளே விடுவார்கள், திரும்பி வர விடமாட்டார்கள் என்ற நிலை ஏற்படலாம். கடனை அடைக்க வேலை வேண்டும், வேலை செய்ய விசா வேண்டும், வழக்கு இருக்கையில் விசாவைப் புதுப்பிப்பது கடினம் என்று வட்டமிட்டுத் திரிந்தவர்களின் கதைகளை வளைகுடாவில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கத்தார் வேறு நாடு. துபாய் வங்கியின் பயணத் தடை தோஹா விமான நிலையத்தில் தானாகச் செல்லாது. ஆனால் வளைகுடா ஒத்துழைப்புச் சபை நாடுகள் ஒன்றின் தீர்ப்பை மற்றொன்று நிறைவேற்றுவதற்கு 1990களிலேயே உடன்படிக்கை செய்திருக்கின்றன. தீர்ப்பு ஒன்று இருந்தால், தோஹாவில் உங்கள் சம்பளத்தைத் தேடி வர அதற்குப் பாதை இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், துபாயில் ஒரு சட்டத்தரணிக்கு அதிகாரம் கொடுத்து, உங்கள் பெயரில் பொலிஸ் முறைப்பாடோ நிறைவேற்றுக் கோவையோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2022க்கு முந்திய முறைப்பாடு ஏதும் இருந்தால் அதை முடித்துவைக்கும்படி குறிப்பாகக் கேளுங்கள். இத்தனை வருடம் கழிந்த கடனுக்கு ஒரே தடவையில் கட்டுவதாகச் சொன்னால் வங்கிகள் கணிசமாகக் குறைத்துத் தருவதுண்டு. பணத்தைக் கொழும்பில் தொலைபேசியில் பேசும் ஆளின் கணக்குக்கு அனுப்பாதீர்கள். வங்கியின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்.

*

எங்கள் மாடிக் குடியிருப்பில் மாதச் சீட்டு நடத்துகிறேன். இரண்டாம் மாதமே சீட்டை எடுத்த ஒருவர் பிரான்ஸுக்குப் போய்விட்டார். மீதி 16 மாதக் காசை நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். எழுத்தில் ஒன்றும் இல்லை.
— வாசகி, தெமட்டகொடை

சீட்டுக்கென்று 1935 ஆம் ஆண்டிலிருந்து ஒரு கட்டளைச் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது; கொழும்பில் சீட்டு நடத்தும் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான். உங்கள் காரியத்துக்கு இப்போது அவசியமானது காலம். எழுத்தில் இல்லாத கொடுக்கல் வாங்கலுக்கு வழக்குத் தொடுக்கும் காலம் மூன்று வருடம். எழுத்தில் உள்ளதற்கு ஆறு வருடம். அவரோடு இன்னும் பேச்சு இருக்குமானால், கோபப்படாமல், எவ்வளவு தர வேண்டும், எப்போது தருவார் என்பதை அவரே எழுதிக் கையெழுத்திட்ட ஒரு கடிதமாக வாங்குங்கள். கடனை ஒப்புக்கொண்ட அந்த நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். ஒரு சிறு தொகையை அனுப்பினாலும் அப்படியே. வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். இலத்திரனியல் பதிவுகளுக்கு 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மதிப்புண்டு. சீட்டுக் கொப்பியையும் பத்திரப்படுத்துங்கள். மற்ற அங்கத்தவர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்லச் சம்மதித்தால், புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

*

2013 இல் கடன் பிரச்சினையோடு லண்டன் வந்தவன் நான். வியாபாரத்துக்கு எடுத்த நிதி நிறுவனக் கடன் அது. சென்ற வருடம் அப்பா காலமானார். தெஹிவளை வீட்டை விற்றுப் பங்கிடுவோம் என்று சகோதரிகள் தொடங்கியபோதுதான், 2017 இல் நான் நீதிமன்றில் தோன்றாமலே எனக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்திருப்பது தெரிந்தது. அழைப்பாணையை எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்களாம். அம்மா பயந்து அதைக் கிழித்து விளக்கு மாடத்தில் வைத்திருந்தாராம். எனக்குச் சொல்லவில்லை. இப்போது என் பங்குக்கு என்ன நடக்கும்? லண்டனிலும் வருவார்களா?
— வாசகர், லண்டன் (முன்னர் தெஹிவளை)

கடனாளி கைக்கு அகப்படாதபோது, அவர் கடைசியாக வசித்த வீட்டின் கதவில் அழைப்பாணையை ஒட்ட நீதிமன்றம் அனுமதிப்பது வழமையான நடைமுறை. ஒட்டியதை, அழைப்பாணைகளைச் சேர்ப்பிக்கும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் உத்தியோகத்தர் அறிக்கையிட்ட பிறகு, நீங்கள் லண்டனில் தூங்கிக்கொண்டிருந்தாலும் வழக்கு நடக்கும். பிள்ளை வெளிநாடு போன வீட்டில் வயதான தாயார்கள் இப்படி எத்தனை தாள்களைச் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்களோ!

லண்டனில் வருவார்களா என்ற கேள்விக்கு: இலங்கைத் தீர்ப்பை இங்கிலாந்தில் பதிவு செய்ய 1920 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் ஒன்று வழி தருகிறது. ஆனால் சாதாரணமாகத் தீர்ப்பு வந்து 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கின்போது பிரதிவாதி தீர்ப்பளித்த நாட்டில் வசிக்கவும் இல்லை, தொழில் நடத்தவும் இல்லை, தானாக வந்து தோன்றவும் இல்லை என்றால் பதிவு கிடைக்காது. 2013 இலேயே லண்டன் போய்விட்ட உங்கள் மீது அந்த வழி எளிதில் செல்லாது. உங்களுக்கு ஆபத்து இருப்பது தெஹிவளையில்.

பணத் தீர்ப்பை இங்கே நிறைவேற்றுவதற்கான காலம் பத்து வருடம். 2017 தீர்ப்பு என்றால் 2027 வரை அதற்கு உயிர் உண்டு. அதுவரை உங்களுக்கு இங்கே சொத்து இல்லாததால் நிறுவனம் சும்மா இருந்தது. அப்பா காலமானதோடு, பொதுச் சட்டத்தின்படி, வீட்டில் அம்மாவுக்கு அரைவாசியும் மீதி அரைவாசி பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேர்கிறது. நீங்கள் மூவர் என்றால் உங்களுடையது ஆறில் ஒரு பங்கு. (அப்பா யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவரா, வீடு மணவாழ்க்கையில் சம்பாதித்த தேடிய தேட்டமா, முன்னோர் வழிவந்த முதுசமா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும், குடும்பச் சட்டத்தரணியிடம் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.) அந்தப் பங்கைத்தான் நிறுவனம் கைப்பற்றக் கேட்கலாம். அம்மாவின் பங்கையும் சகோதரிகளின் பங்கையும் தொட முடியாது. ஆனால் ஆறில் ஒரு பங்கின் மீது கைப்பற்றல் பதிவாகிவிட்டால், முழு வீட்டையும் நல்ல விலைக்கு வாங்க எவரும் முன்வரமாட்டார்கள். அவசரமாக உங்கள் பங்கைச் சகோதரியின் பெயருக்கு நன்கொடை எழுதிவிட்டால் தப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; கடன் கொடுத்தவரை ஏமாற்ற எழுதிய உறுதியை ரத்துச் செய்யக் கோரி வழக்குத் தொடுக்க முடியும், அந்த வழக்கில் சகோதரியும் பிரதிவாதியாவார்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கேட்கும் காலம், கட்டளை உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்கள். கட்டளை முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டதா, எப்போது, எந்த முகவரிக்கு என்பதை உங்கள் சட்டத்தரணி வழக்குக் கோவையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: கடன் எடுத்தது உண்மை, கட்டாததும் உண்மை என்றால், தீர்ப்பை நீக்கி மீண்டும் விசாரணையைத் தொடங்குவதில் உங்களுக்கு என்ன இலாபம்? நிறுவனத்தோடு இப்போதே பேசுங்கள். வருடக்கணக்காக ஒரு சதம் வராத கோவை அது. வீடு விற்பனையாகும் வரை இழுக்காமல் ஒரு தொகையை ஒரே தடவையில் தருவதாகச் சொன்னால், வட்டியில் பெரும் பகுதியை விட்டுக்கொடுக்க அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. வட்டியைக் கூட்டிப் பார்த்து மலைக்க வேண்டாம். முதலில் மூலதனத்தைக் கேளுங்கள்.

ஒத்துக்கொண்ட தொகையைச் சகோதரி மூலமாக அல்லாமல் உங்கள் பெயரிலேயே வங்கி மூலம் அனுப்புங்கள். பிறகு இரண்டு தாள்கள் வேண்டும்: கடன் முற்றாகத் தீர்ந்தது என்று நிறுவனம் தரும் கடிதத்தின் மூலப் பிரதி ஒன்று, தீர்ப்பு நிறைவேறிவிட்டதாக மாவட்ட நீதிமன்றக் கோவையில் பதிந்ததற்கான அத்தாட்சிப் பிரதி மற்றது. இரண்டாவதைப் பலர் எடுக்க மறந்துவிடுகிறார்கள். இவை கைக்கு வந்த பிறகு காணிப் பதிவகத்தில் வீட்டின் பதிவை ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டு, அதன் பின்னர் விற்பனை உறுதியை எழுதச் சொல்லுங்கள்.